தன் தோல்வியைத் தானே எழுதியவர்

உண்மை பேசுவதை எல்லாச் சமயங்களும் முதன்மையான அறமாகப் போற்றுகின்றன. பொருளாசையால் பொய் சொல்வது தவறு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பொருளாசை சிறிதும் இல்லாத நல்லவர்களும் ஓரிடத்தில் தடுமாறுவதுண்டு. தம் குடும்பம், தம் ஊர், தம் மொழி, தம் சமூகம் ஆகியவற்றுக்கும் பிறருக்கும் இடையே பூசல் எழுந்துவிட்டால், அதைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய நாவு தானாகவே ஒரு பக்கம் சாய்கிறது. தம்மவர் செய்த பிழை மறந்துபோகிறது. எதிரில் நின்றவரின் நற்குணம் கண்ணில் படுவதேயில்லை. இவ்வாறு பேசுவது பொய் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அதைப் பாசம் என்றும் விசுவாசம் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தச் சோதனையைப் போர்க்களத்திலேயே சந்தித்தவர் ஒருவர் உண்டு. அவர் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கத் தளபதியும் வரலாற்றாசிரியருமான துசிடிடீஸ்.

தளபதியின் வீழ்ச்சி

துசிடிடீஸ் ஏதென்ஸ் நகரத்தவர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். திரேஸ் நாட்டின் தங்கச் சுரங்கங்களில் அவருக்கு உரிமை இருந்தது. கி.மு. 431-இல் ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் மூண்டது. அது இருபத்தேழு ஆண்டுகள் நீடித்து, கி.மு. 404-இல் ஏதென்ஸின் தோல்வியில் முடிந்தது. போர் தொடங்கியபோதே அதன் முக்கியத்துவத்தை உணர்ந்து துசிடிடீஸ் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். போரின் இரண்டாம் ஆண்டில் ஏதென்ஸை ஒரு கொள்ளைநோய் தாக்கியது. அந்நோய் அவரையும் பிடித்தது, அவர் பிழைத்தெழுந்தார். அது மீண்டும் வந்தால் மக்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் அறிகுறிகளை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார்.

கி.மு. 424-இல் ஏதென்ஸ் அவரைத் தளபதிகளுள் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஸ்பார்ட்டாவின் தளபதி பிராசிடாஸ், ஏதென்ஸின் கட்டுப்பாட்டில் இருந்த ஆம்பிபொலிஸ் நகரத்தைத் திடீரென்று நெருங்கினான். துசிடிடீஸ் அப்போது அரை நாள் கடற்பயணத் தொலைவில், தாசோஸ் தீவில் இருந்தார். செய்தி கிடைத்தவுடன் ஏழு கப்பல்களுடன் விரைந்தார். ஆனால் அவர் வருவதற்குள் பிராசிடாஸ் நகர மக்களுக்கு மிக மென்மையான நிபந்தனைகளை அளித்து, நகரத்தைத் தன்வசப்படுத்திவிட்டான். அன்று மாலை துசிடிடீஸால் காப்பாற்ற முடிந்தது ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த எயோன் என்ற துறைமுகத்தை மட்டுமே. ஆம்பிபொலிஸை இழந்ததன் விளைவாக, அவர் இருபது ஆண்டுகள் தம் நாட்டைவிட்டு விலகி வாழ நேர்ந்தது.

இந்த நிகழ்ச்சியை அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். வேறு யாரையோ பற்றிச் சொல்வதைப் போலத் தம் பெயரைப் படர்க்கையில் குறிப்பிடுகிறார். செய்தி தாமதமாக வந்தது, காற்று எதிராக வீசியது, உடனிருந்தவர்கள் உதவவில்லை என்று எந்தச் சமாதானமும் அதில் இல்லை. நடந்தது என்ன என்பதைச் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார்.

அதைவிட வியப்பானது பிராசிடாஸைப் பற்றி அவர் எழுதியிருப்பது. தம் வாழ்க்கையையே குலைத்த அந்த மனிதனை நேர்மையும் நிதானமும் அறிவும் உடையவனாக அவர் காட்டுகிறார். அவனுடைய நன்னடத்தையால் பல நகரங்கள் ஸ்பார்ட்டாவை நாடின என்கிறார். கி.மு. 422-இல் ஆம்பிபொலிஸ் போரில் பிராசிடாஸ் மாண்டபோது, அந்நகரத்தார் அவனைத் தங்கள் நகரின் நிறுவனராகவே கருதி வழிபட்டதையும் மறைக்காமல் பதிவுசெய்கிறார்.

இழப்பு தந்த பார்வை

நாடுகடந்த வாழ்வைப் பற்றி அவர் புலம்பவில்லை. அதனால் விளைந்த ஒரு நன்மையையே குறிப்பிடுகிறார்: அந்த இருபது ஆண்டுகளில் போரின் இரு தரப்பாரையும் அருகிருந்து காண அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. தம் நகரத்திலேயே இருந்திருந்தால் ஒரு கரையை மட்டுமே பார்த்திருப்பார்.

ஒரே நிகழ்ச்சியை நேரில் கண்டவர்கள்கூட வெவ்வேறு விதமாகச் சொல்வதை அவர் கவனித்தார். அதற்கு இரண்டு காரணங்களையும் கூறுகிறார்: ஒன்று, ஒரு பக்கத்தின் மேலுள்ள பற்று, மற்றொன்று, நினைவின் குறைபாடு. ஆகவே கேட்ட முதல் செய்தியை அவர் ஏற்பதில்லை. இரு பக்கத்துச் சாட்சிகளையும் ஒப்பிட்டு, வருந்தி உழைத்து உண்மையைத் தேடினார்.

அந்த உண்மை தம் நாட்டுக்கு இழிவு தருவதாக இருந்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. கி.மு. 416-இல் ஏதென்ஸ், மெலோஸ் என்ற சிறிய தீவைப் பணியுமாறு மிரட்டியது. தீவினர் நியாயத்தைப் பேசினர். ஏதென்ஸின் தூதர்கள் வலிமையைப் பேசினர். இறுதியில் தீவு வீழ்ந்தது. பிடிபட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். இந்தக் கொடுமையை உலகம் இன்றும் அறிந்திருப்பதற்கு முக்கியக் காரணம், ஏதென்ஸில் பிறந்த ஒருவர் அதை விரிவாக எழுதிவைத்ததே.

அவரும் முழுமையான சமநோக்கை அடைந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. தம் நாட்டு அரசியல்வாதியான கிளியோனைப் பற்றி எழுதும்போது அவருடைய பேனாவில் கசப்புக் கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். பகைவனிடம் காட்ட முடிந்த நியாயத்தை உள்ளூர்ப் போட்டியாளரிடம் காட்டுவது அவருக்குக் கடினமாக இருந்தது போலும். தொலைவில் உள்ளவரைவிட அருகில் உள்ளவரிடம் நடுநிலையோடு இருப்பது கடினம் என்பதை இல்லறத்தில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள்.

அவருடைய நூல் எட்டுப் பகுதிகளாக நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.மு. 411-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுடன் அது பாதியில் நின்றுவிடுகிறது. பின்னர், அவரைப் போலவே போர்வீரராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய ஜெனபோன் அந்த இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

தமிழ் மண்ணில் ஒரு சாட்சி

வாளேந்திய கையே பகைவனின் பெருமையை எழுதிய நிகழ்ச்சி தமிழகத்திலும் உண்டு. ஆங்கிலேயக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் லண்டனில் தம் இராணுவ நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1801-இல் நடந்த பாஞ்சாலங்குறிச்சிப் போரிலும் காளையார்கோயில் போரிலும் கலந்துகொண்டவர் அவர்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்த பிறகு காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையை மக்கள் காப்பாற்றிய கதையை வெல்ஷ் எழுதியிருக்கிறார். மகனைத் தேடிவந்த ஒரு தாய் அவனைக் கண்டெடுக்கிறாள். உயிர் பிரியும் நிலையில் இருந்த அவன், தன்னை விட்டுவிட்டு ஊமைத்துரையைக் காப்பாற்றுமாறு வேண்டுகிறான். அந்தத் தாயும் அவ்வாறே செய்கிறாள். கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்தார் நெருங்கியபோது, கிடப்பவர் அம்மை நோயால் இறந்தவர் என்று சொல்லி அவர்களை விலகிச் செல்லவைக்கிறாள்.

சின்ன மருதுவைப் பற்றி வெல்ஷ் எழுதியது இன்னும் உருக்கமானது. 1795-இல் இளைஞரான வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதே மனிதரை வேட்டையாடித் துரத்தவும், தொடை எலும்பு முறிந்து சிறைப்பட்டவராகப் பார்க்கவும், தூக்குமரத்தில் காணவும் தமக்கு நேர்ந்ததை வெல்ஷ் வேதனையுடன் குறிப்பிடுகிறார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. வெல்ஷின் எழுத்தில் நேர்மை இருந்தது. ஆனால் அது வெளிவந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த நேர்மை எந்த உயிரையும் காக்கவில்லை. அப்படியானால், எல்லாம் முடிந்த பிறகு எழுதப்படும் நூலுக்கு மட்டும் உரியதா நடுநிலை? பூசல் நடந்துகொண்டிருக்கும்போதே அதைக் கடைப்பிடிக்க இயலாதா?

சொற்கள் திரியும் காலம்

இதற்கு விடை தேட உதவும் ஒரு பகுதி துசிடிடீஸின் நூலிலேயே இருக்கிறது. கி.மு. 427-இல் கார்சைரா என்ற தீவில் ஒரே நகரத்து மக்கள் இரு பிரிவாகி ஒருவரையொருவர் கொன்றனர். அப்போது சொற்களின் பொருளே மாறிப்போனதை அவர் கவனித்தார். கண்மூடித்தனமான முரட்டுத்தனம் வீரம் எனப்பட்டது. நிதானம் கோழைத்தனம் எனப்பட்டது. ஒரு பிரச்சினையின் எல்லாப் பக்கங்களையும் பார்க்க வல்லவன் எதற்கும் உதவாதவன் எனப்பட்டான். எந்தப் பக்கமும் சேராதவர்கள் இரு தரப்பாராலும் அழிக்கப்பட்டனர். மனித இயல்பு மாறாதவரை இத்தகைய துன்பங்கள் மீண்டும் மீண்டும் நிகழும் என்றும் அவர் எச்சரித்தார்.

அவர் எச்சரித்தது போன்ற ஒரு துன்பத்தை 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை மாநகரம் கண்டது. அந்தக் கலவரங்களில் சுமார் 900 பேர் உயிரிழந்தனர். தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவியும் பாதிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் உழைத்து அந்தப் பகுதியை உருவாக்கியவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சும் நிலை வந்தது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பல ஆண்டுகள் சாட்சியங்களைக் கேட்டு, 1998-இல் தன் அறிக்கையை அளித்தது. அதுவும் காலம் கடந்து வந்த உண்மைதான். எனினும் தேவையான உண்மை.

ஆனால் மும்பையை அடுத்த பிவண்டியில் வேறொன்று நிகழ்ந்தது. 1984-இல் கடுமையான கலவரத்தைக் கண்ட ஊர் அது. பின்னர் அங்கு காவல்துறை அதிகாரியாக இருந்த சுரேஷ் கோபடே, ஒவ்வொரு பகுதியிலும் இரு சமூகத்தாரும் காவலர்களும் சேர்ந்து அமரும் மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். வதந்தி வந்தால் அதை நம்புமுன் மறுபக்கத்தாரைக் கேட்பது, சிறு சச்சரவையும் பேசித் தீர்ப்பது ஆகியவையே அவற்றின் பணி. 1992-93-இல் மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. கலவரத்திற்குப் பின் மும்பையிலும் இத்தகைய கமிட்டிகள் தோன்றின. தாராவியில் பாவு கோர்டே என்ற இந்துப் பெரியவரும் வக்கார் கான் என்ற முஸ்லிம் நண்பரும் இப்பணியில் இணைந்தனர். நான்கு சமயத்துக் குழந்தைகள் சேர்ந்து நிற்கும் ஒற்றுமைச் சுவரொட்டியை வக்கார் கான் உருவாக்கினார். இவர்களின் நட்பைப் பற்றி, செம்பூரை அடுத்த தேவ்நாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இரு பேராசிரியர்கள் 2003-இல் 'நாத்தா' என்ற ஆவணப்படத்தை எடுத்தனர். அச்சொல்லுக்கு உறவு என்று பொருள்.

துசிடிடீஸ் நூலுக்காகச் செய்ததை இவர்கள் தெருவுக்காகச் செய்தார்கள். அவர் இரு தரப்புச் சாட்சிகளையும் ஒப்பிட்டார். இவர்கள் இரு தரப்பாரையும் ஒரே அறையில் அமரவைத்தார்கள். பகைவனை மெய்யாகக் காணும் பயிற்சி முன்னதாகவே தொடங்கிவிட்டால், அவன் பகைவனாகாமலே போய்விடக்கூடும்.

வீட்டிலிருந்து தொடங்கும் சாதனை

இந்தப் பயிற்சிக்குப் போரோ கலவரமோ தேவையில்லை. 1960-களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள மூத்த தமிழர் எவரேனும் பேரனுக்குச் சொல்லக்கூடும். பட்ட துன்பத்தைச் சொல்வது குற்றமன்று; அதை மறைப்பதும் உண்மையாகாது. அந்நாளில் ஒரு மராட்டிய அண்டைவீட்டார் கதவைத் திறந்து ஆதரவு தந்திருந்தால், அதையும் சொல்லும்போதுதான் கதை முழுமை பெறுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால், பேரனின் கைக்குப் போய்ச் சேர்வது வரலாறாக இராது. ஒரு பகை மட்டுமே எஞ்சும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, அதற்குத் தராசை உவமையாக்கினார். தராசின் முள் தன் விருப்பத்தைக் காட்டுவதில்லை. எடையை மட்டும் காட்டுகிறது. மனத்தை அந்த நிலையில் வைப்பது ஒரு நாளில் கைகூடுவதன்று. ஆனால் அதற்கான முதற்படி எளியது. ஒரு சண்டையைப் பற்றி வீட்டிலோ அலுவலகத்திலோ பேச வாய் திறக்கும்போது, இரண்டு வினாக்களைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம்: இதில் என் பங்கான பிழையைச் சொல்கிறேனா? எதிரில் நின்றவரிடம் நான் கண்ட நல்லதைச் சொல்கிறேனா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வரும்வரை காத்திருந்து பேசுகிறவர் சத்தியத்தின் பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டார்.