வெட்டப்பட்ட விளிம்பு

பொய் என்றதும், இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொல்வதையே நாம் எண்ணுகிறோம். இருப்பதிலிருந்து ஒன்றை அகற்றுவதாலும் பொய் பிறக்குமா? உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு அட்டையின் வரலாறு இவ்வினாவை என்னுள் எழுப்பியது.

1909 முதல் 1911 வரை, அமெரிக்கப் புகையிலைக் குழுமம் தன் சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வண்ணப்பட அட்டைகளை வைத்து விற்றது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட இத்தொகுதியைச் சேகரிப்போர் ‘டி 206’ என அழைக்கின்றனர். அட்டையின் பின்புறத்தில் சிகரெட்டின் பெயரோடு ஆலையின் எண்ணும் அதன் மாவட்டமும் இருக்கும்: வர்ஜீனியாவின் 25ஆம் எண் ஆலை, நியூயார்க்கின் 30ஆம் எண் ஆலை என்பன போல. தென் மாநில அணிகளைச் சேர்ந்த 48 ஆட்டக்காரர்களின் அட்டைகள் சில சிகரெட் பெயர்களோடு மட்டுமே வெளிவந்தன. எனவே முன்புற முகமும் பின்புறப் பெயரும் பொருந்தாவிடில் ஐயம் எழும்.

மெய்மையை அறிய வேறு வழிகளும் உள்ளன. அவ்வட்டைகள் கல்லச்சு முறையில் பல வண்ண மைகளால் அச்சிடப்பட்டவை. பிற்காலப் போலிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், ஒழுங்கான புள்ளிகளின் வலை புலப்படும். தாளை வெண்மையாக்கும் ஒளிரும் பொருள்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவலாயின. ஆகவே, புறஊதா ஒளியில் நீலம் கலந்து ஒளிரும் தாள் 1909ஐச் சேர்ந்ததாக இருக்க இயலாது.

இத்தொகுதியில் பெரும்புகழ் பெற்றது பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னரின் அட்டை. அவர் தம் படத்தைப் பயன்படுத்த இசையாததால் அச்சிடுதல் விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். உரிய ஊதியம் கேட்டார் என்பர் வேறு சிலர். எஞ்சியுள்ளவை ஏறத்தாழ அறுபது என்று கருதப்படுகிறது.

அவற்றுள் ஒன்று வியக்கத்தக்க தூய்மையோடு, கூரிய விளிம்புகளோடு விளங்கியது. 1991இல் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு விலைபோன அதற்குத் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்று, பத்துக்கு எட்டு என்னும் உயர்ந்த தரத்தை அளித்தது. 2007இல் அது 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. 2013இல், அதன் முன்னாள் உரிமையாளரும் ஏலத் தொழில் நடத்தியவருமான பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டியதாகச் சிக்காகோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் நம் வினா கூர்மையடைகிறது. மை பழையதே, தாள் பழையதே, முகமும் வாக்னருடையதே. கண்ணாடிச் சோதனையிலும் ஒளிச் சோதனையிலும் அது தேறும். புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. ஆயினும் ‘காலத்தால் கேடுறாமல் தப்பிய அட்டை இது’ என்று அந்த விளிம்பு சொன்னது; அந்தச் சொல்லுக்காகவே வாங்கியவர் பொருள் கொடுத்தார். அச்சொல் உண்மையன்று. பகுதிகள் அனைத்தும் மெய்யாயிருக்க, முழுமை பொய்யாயிற்று.

அப்படியானால், மறைத்துப் பேசுவதெல்லாம் பொய்யா? அன்று. அயலாரின் குறையை வெளியிடாது காப்பது அன்பு. ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பது கடமை. நாம் சொல்லாததைப் பிறர் தம் முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளும்போது, அதனால் ஆதாயமும் நமக்கே வரும்போது, மௌனம் தன் இயல்பை இழக்கிறது. மாப்பிள்ளையின் பழைய நோயைச் சொல்லாமல் திருமணம் பேசுகிறோம். கூரையின் ஒழுக்கைச் சொல்லாமல் வீட்டை விற்கிறோம். ‘நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே’ என்று மனச்சான்றுக்கு விடையிறுக்கிறோம். சொன்ன சொற்களை அது கேட்கவில்லை. வெட்டிய ஓரத்தையே கேட்கிறது.

வாக்னரும் ஒன்றை அகற்றினார். தம் படத்தையே சந்தையிலிருந்து விலக்கினார். அவர் நோக்கம் எதுவாயினும், விருப்பமில்லை என்பதை வெளிப்படையாகவே தெரிவித்தார், எவரும் ஏமாறவில்லை. ஓரத்தை வெட்டியவரோ வெட்டியதை மறைத்தார். இருவரும் செய்தது அகற்றலே. மறைவில் இருக்கிறது வேறுபாடு.

மூலை மழுங்கி, மடிப்பு விழுந்த வாக்னர் அட்டைகள் இன்றும் உள்ளன. அவை குறைந்த தர எண்ணையே பெறுகின்றன. ஆயினும் தம் நூறாண்டுப் பயணத்தைக் குறைக்காமல் காட்டுகின்றன. நாமும் நம் வாழ்வின் மழுங்கிய மூலைகளோடு பிறர்முன் நிற்கத் துணிவோமா என்பதே என் வினா. எட்டு என்னும் எண்ணை இழக்க நேரலாம். நம்மை நம்பியவரை ஏமாற்றாதிருப்போம்.