விலையும் வாய்மையும்

பினாங்கு நகரின் சௌராஸ்தா சந்தையில் காலை வேளையில் நடைபெறும் பேரத்தைச் சிறிது நேரம் நின்று கேட்பவர்க்கு, அது பூசல் அன்று, ஒருவகை உறவாடல் என்பது புலனாகும். காய்கறி விற்பவர் ஒரு விலை சொல்கின்றார். வாங்க வந்த அம்மையார் முகஞ்சுளித்து, "நேற்று இந்த விலை இல்லையே" என்கின்றார். போவது போல் இரண்டடி எடுத்து வைக்கின்றார், அழைக்கப்படுகின்றார், திரும்புகின்றார். முடிவில் விலை சற்றே இறங்குகின்றது. கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் பைக்குள் விழுகின்றது. இருவரும் சொன்னவற்றுள் பாதி உண்மையன்று. ஆயினும் இருவரையும் பொய்யர் என்று எவரும் சொல்லார். வெண்டைக்காய் என்ன விலைக்கு விற்கும் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பவில்லை என்பதும் இருவருக்கும் தெரியும். நம்பாத ஒருவரை ஏமாற்றுதல் இயலாது. மறுநாளும் அதே இடத்தில் அதே இருவரும் சந்தித்தாக வேண்டும் என்பது அவ்வுறவுக்கு மேலும் ஒரு காவல்.

அதே அம்மையாரின் கணவர் மகிழுந்து வாங்கப் புறப்படும்போது நிலைமை வேறாகின்றது. அங்கும் பேரம் என்னும் அதே சொல்லே வழங்குகின்றது. செயல் மட்டும் அதுவன்று.

1985 ஆம் ஆண்டு பினாங்கு மக்களின் நினைவில் இருவகையில் நிற்பதாகும். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நாட்டின் முதல் மகிழுந்தாகிய புரோட்டோன் சாகா வெளிவந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் திறக்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் வண்டியோடு கடலைக் கடக்க விரும்பியவர் பெரிக் கப்பலுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் ஆசிரியராகவும் எழுத்தராகவும் அமர்ந்து, தம் குடும்பத்தில் முதன்முறையாகப் புதிய வண்டி ஒன்றை வாங்கத் துணிந்த காலம் அது. வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு அதுவே. பத்தாண்டுக்கு ஒருமுறை வாங்குபவர் ஒருபுறம். நாள்தோறும் விற்பவர் மறுபுறம். முன்னவர்க்குத் தெரியாதவை அனைத்தும் பின்னவர்க்குத் தெரியும். சந்தையில் காய்க்கு விலை பேசப்பட்டது. இங்கே பெரும்பகுதியும் விலையாவது வாங்குபவரின் அறியாமையே.

ஓர் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். பெயர் வேண்டுவதில்லை, அவரைப் போன்றவர் ஒவ்வொரு பள்ளியிலும் உளர். காட்சிக்கூடத்தில் நிற்கும் வண்டியின் விலை 60,000 வெள்ளி என்று கொள்வோம். விற்பனையாளர் தமிழ் இளைஞர்; பணிவாகப் பேசுகின்றார். நெடுநேரப் பேச்சுக்குப் பின் 2,000 வெள்ளி குறைத்து, கண்ணாடிக்குக் கருந்தாளும் காலடி விரிப்பும் இலவசமாகத் தருவதாகச் சொல்கின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, உங்களுக்காகத்தான் இந்த விலை. வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்கின்றார். ஆசிரியரும், "சொல்ல மாட்டேன் தம்பி" என்று வாக்களித்து மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றார். இரண்டு நாள் கழித்து, பள்ளியின் ஆசிரியர் அறையில், அதே வண்டியை 3,500 வெள்ளி குறைத்து வாங்கியதாக இன்னொருவர் சொல்லக் கேட்கின்றார். அந்த நொடியிலேயே அவருடைய மகிழ்ச்சி கசந்து போகின்றது.

ஏன் கசக்க வேண்டும்? அவர் கையிலிருந்து எதுவும் போகவில்லை, வண்டியும் குறைபட்டதன்று. பொறாமை என்று சொல்லி இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கூர்ந்து நோக்கின், அவரைச் சுட்டது 1,500 வெள்ளி அன்று, "உங்களுக்காகத்தான்" என்னும் அந்தச் சொல்லே. விலையில் தோற்றவர் வருந்துவார். நம்பித் தோற்றவர் நாணுவார். நாணம் நெடுநாள் நிற்பது.

இனி, அந்த 2,000 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பார்த்தல் வேண்டும். மகிழுந்தின் விலையைக் கூடத்தில் நிற்கும் இளைஞர் வகுப்பதில்லை. நிறுவனம் வகுத்த விலையோடு பதிவுக் கட்டணம், சாலை வரி, காப்புறுதி ஆகியவை சேர்ந்தே வாங்குபவரிடம் சொல்லப்படுகின்றன. அதில் குறைப்பதற்கு இருவகை வழிகள் உண்டு. ஆண்டிறுதியில், அவ்வாண்டில் செய்த வண்டிகள் தேங்கிவிடாதபடி நிறுவனமே அறிவிக்கும் கழிவு ஒன்று. விற்பனையாளர் தமக்கு வர வேண்டிய கமிஷனிலிருந்து விட்டுக்கொடுப்பது மற்றொன்று. முன்னது பெருமுதலாளியின் கணக்கிலிருந்து வருவது. பின்னது, மாதச் சம்பளம் சிறிதாய், விற்றால்தான் வருவாய் என்னும் நிலையிலுள்ள ஓர் இளைஞரின் வீட்டு வாடகையிலிருந்து வருவது. வாங்குபவர் இரண்டையும் வேறு பிரித்து அறியார். தம் பேச்சுத் திறத்தால் ஒரு பெரிய நிறுவனத்தை வென்றதாக எண்ணி மீசை முறுக்குபவர், உண்மையில் தம் மாணவன் வயதுள்ள ஒருவனின் கூலியைக் குறைத்து வந்திருத்தலும் கூடும்.

மற்றொன்றும் உண்டு. விலையில் முழுக்கவனத்தையும் வைப்பவர் தவணையில் கண் வைப்பதில்லை. "மாதம் எவ்வளவு கட்ட முடியும் ஐயா?" என்னும் கேள்வி பரிவு போல் ஒலிக்கும். மலேசியாவில் நெடுங்காலம் வழங்கி வந்த முறையில், வட்டி தொடக்கக் கடன் முழுவதற்கும் கணக்கிடப்பட்டது; கடன் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. 50,000 வெள்ளிக் கடனுக்கு நூற்றுக்கு 3 வீதம் என்றால், ஐந்தாண்டுக்கு வட்டி 7,500, ஒன்பதாண்டுக்கு 13,500. மாதத் தவணை 958 வெள்ளியிலிருந்து 588 ஆக இறங்குவது கண்ணுக்கு இனிமையாகத் தோன்றும்; கூடுதலாகச் செல்லும் 6,000 வெள்ளி கண்ணில் படாது. இரண்டாயிரத்தை வென்று ஆறாயிரத்தைத் தோற்ற இக்கணக்கை வகுப்பில் வட்டிப்பாடம் நடத்தும் ஆசிரியரே போடாமல் விடுவது வியப்பு.

பழந்தமிழர் வணிக அறத்தைப் பற்றிப் பேசுவோர் பட்டினப்பாலையைக் கூறாமல் விடுவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாதவர், கொடுக்கும்போது குறையாகக் கொடுக்காதவர், பழிக்கு அஞ்சி நடுநிலை பிறழாதவர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் போற்றுவார். பண்டங்களை அவர் 'பகர்ந்து' விற்றனர் என்பதற்கு, தம் ஊதியம் இவ்வளவென்று வெளிப்படச் சொல்லி விற்றனர் என்று பொருள் கொள்வர். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரமும் பிறர் பொருளைத் தம் பொருள் போல் பேணுதலையே வணிகம் என்கின்றது. இவை மேடைகளில் பலமுறை சொல்லப்பட்டுத் தேய்ந்தவை. ஆனால் வெளிப்படச் சொல்லுதல் என்னும் அந்த ஒரு கூறு இன்னும் போதிய அளவு எண்ணப்படவில்லை. குறைந்த ஊதியம் கொண்டனர் என்பதனினும், கொண்டதைச் சொன்னனர் என்பது பெரிது.

தமிழ் மண்ணில் இதற்கு எதிரான வழக்கமும் இருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. மாட்டுச் சந்தைகளில் தரகர் தோள் துண்டை எடுத்து விரித்து, அதன் மறைவில் எதிரியின் விரல்களைப் பிடித்து அழுத்தியே விலை பேசுவார். சுற்றி நிற்பவர் முகங்களைப் பார்க்கலாம். விலையைப் பார்க்க முடியாது. ஒருவர்க்குத் தந்த விலை அடுத்தவர் காதில் விழலாகாது என்பதே அந்தத் துண்டின் பயன். குளிரூட்டப்பட்ட காட்சிக்கூடத்தில் இளைஞர் குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, "வெளியில் சொல்லாதீர்கள்" என்று, அதுவும் துண்டேயாம்.

இத்துண்டை அடியோடு நீக்க முனைந்தவரும் உலகில் உளர். 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் சமயக் குழுவினர், கொள்ள எண்ணியதற்கு மேல் விலை சொல்வது பொய் என்று கருதினர். ஆதலின் ஒரே விலை சொல்லினர். தொடக்கத்தில் வாடிக்கையாளர் விலகிச் சென்றனர். பின்பு, ஒரு குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் பெரியவர்க்குத் தரும் அதே விலைக்கே தருவர் என்பது பரவவே, கடைகளில் கூட்டம் பெருகியதென்று அக்குழுவின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் குறித்திருக்கின்றார். குழந்தையை அனுப்பலாமா என்பது எந்தக் கடைக்கும் நல்லதோர் அளவுகோல்.

அவ்வளவுகோலைக் கொண்டு மகிழுந்து வணிகத்தை அளந்து பார்த்தவர் போன்றவர் ஐயன் ஏர்ஸ் என்னும் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். 1991 இல் அவர் வெளியிட்ட ஆய்வில், சிகாகோப் பகுதியிலுள்ள மகிழுந்து விற்பனையகங்களுக்கு வெள்ளையரும் கறுப்பினத்தவருமான ஆண்களும் பெண்களும் சென்று, ஒரே வகை வண்டிக்கு ஒரே சொற்களால் பேரம் பேசினர். வெள்ளை ஆண்களிடம் வைத்த ஊதியத்தைக் காட்டிலும் வெள்ளைப் பெண்களிடம் நூற்றுக்கு 40 பங்கு மிகுதியாகவும், கறுப்பின ஆண்களிடம் இருமடங்குக்கு மேலும், கறுப்பினப் பெண்களிடம் மும்மடங்குக்கு மேலும் ஊதியம் வைக்கப்பட்டது. பேசிய சொற்கள் ஒன்றே; பேசிய முகங்களே வேறு. பேரம் திறமைக்குப் பரிசு தருகின்றது என்பார் இதற்கு என்ன விடை சொல்வர்?

இதனால் குற்றம் முழுவதும் விற்பவர்க்கே என்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. "அக்கரையில் இதைவிட இரண்டாயிரம் குறைத்துத் தருகிறார்கள்" என்று, பட்டர்வொர்த் பக்கமே போகாத ஒருவர் சொல்லுவதும் பொய்தான். தாம் தரக்கூடிய மிகுந்த தொகையைச் சொல்லாதிருத்தல் வேறு. இல்லாத ஒருவர் தந்த விலையைப் படைத்துச் சொல்லுதல் வேறு. முன்னது மௌனம். பின்னது, எதிரிலிருப்பவர் நம்ப வேண்டும் என்றே சொல்லப்படுவது. சந்தைப் பேச்சின் விளையாட்டு இதில் இல்லை.

வாங்குபவரின் அறத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் இருவர் கதை உண்டு. உரோம நாட்டில் ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலத்திற்கு ஒரே விலையாகச் சொல்லுமாறு கேட்டார், உரிமையாளரும் சொன்னார். தம் மதிப்பில் அது கூடுதல் பெறும் என்று சொல்லி, ஸ்கேவோலா நூறாயிரம் காசு சேர்த்துக் கொடுத்தார். இதனைக் கூறும் சிசெரோ, அது நல்லவன் செயல் என்பதை எவரும் மறுக்கவில்லை, அறிவாளியின் செயல் என்று மட்டும் ஒப்பவில்லை என்கின்றார். இன்னொருவர் நபித்தோழர் ஜரீர். அவருடைய பணியாளர் 300 திர்ஹத்திற்குப் பேசி முடித்த குதிரையைக் கண்டதும், அது அதனினும் மிகுந்த விலை பெறும் என்று உரியவரிடம் சொல்லி, நானூறு, ஐந்நூறு என்று தாமே ஏற்றி 800 திர்ஹம் தந்தாராம். முஸ்லிம் ஒவ்வொருவர்க்கும் நன்மை நாடுவதாக உறுதிமொழி தந்திருப்பதையே அவர் காரணமாகச் சொன்னார் என்பர். தவணைக் கடனில் வண்டி வாங்கும் ஓர் ஆசிரியரிடம் இதை எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆயினும், எதிரே நிற்பவர் எவ்வளவு இழக்கின்றார் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் விலை ஏற்றாதவர்க்கும் உரியதே.

பினாங்கில் இத்துண்டை விலக்கும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. 1967 ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம், ஒப்பந்தத்திற்கு முன்பே ரொக்க விலை, முன்பணம், தவணைக் கட்டணம், மொத்தத் தொகை ஆகியவற்றை எழுத்தில் தருமாறு விதித்தது. 1969 இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், 2019 இல் மறைந்த தமிழராகிய எஸ். எம். முகமது இத்ரீஸ் அவர்களின் நெடுங்காலத் தலைமையில், தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் ஏடு நடத்தி, வாங்குபவர்க்கு வேண்டிய செய்திகளைப் பரப்பியது. ஆயினும் சட்டம் தந்த தாளைப் படியாமல் கையொப்பமிடுவோரே மிகுதி. ஏட்டைப் படித்தவரும் கூடத்திற்குள் நுழைந்ததும் "நமக்கு மட்டும்" என்னும் சொல்லுக்கு மயங்குகின்றனர்.

அந்த ஆசிரியர் அறைக்கே மீண்டும் வருவோம். அடுத்த மாதம் வண்டி வாங்கப் போகும் ஓர் ஆசிரியை, கணவரை இழந்தவர், பேரம் பேசிப் பழகாதவர், "உங்களுக்கு எவ்வளவு குறைத்தார்கள்?" என்று அவரிடம் கேட்கின்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்களித்தாயிற்று. வாக்கைக் காத்தால், எதிரே அமர்ந்திருப்பவர் முழுவிலை கொடுப்பார். காவாவிடின், ஓர் இளைஞருக்குத் தந்த சொல் முறியும். அந்தக் கழிவு நிறுவனத்தினுடையதாயின், கேட்கத் தெரியாதவரிடம் மிகுதியாகப் பெறுவதற்கே மௌனம் வேண்டப்பட்டது. அத்தகைய வாக்குக்கு வலிமை சிறிது. இளைஞர் தம் கமிஷனிலிருந்து தந்ததாயின், ஒவ்வொருவரும் அதையே கேட்டு வந்து நின்றால் அவர் கை வெறுமையாகும். அந்த வாக்கைக் காப்பதே முறை. எது என்று இப்போது அவருக்குத் தெரியாது. வாக்களிக்கும் முன், "தம்பி, இது நிறுவனம் தரும் கழிவா, உம் கைப்பணமா?" என்று அன்றே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "சனிக்கிழமை நானும் உடன் வருகிறேன் டீச்சர், அந்தத் தம்பியிடமே கேட்போம்" என்கின்றார்.