பகையில்லாத அடி

ஒருவனை அடித்துக் காயப்படுத்துவது தவறு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால், அடிபடுபவன் தானாகவே இசைந்து வருகிறான். அடிப்பவன் உள்ளத்திலும் பகையில்லை. விதிகளும் நடுவரும் உண்டு. அப்போதும் அது தவறாகுமா? குத்துச்சண்டையைப் பற்றி எழும் இக்கேள்விக்கு, சுவீடன் நாட்டு வீரர் இங்கெமார் யோகான்சனின் வாழ்க்கை ஒரு விடையைக் காட்டுகிறது.

1932இல் கோத்தன்பேர்க் நகரிற் பிறந்த அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அதிபார எடைப் பிரிவின் இறுதிப் போட்டிவரை சென்றார். எதிரே நின்றவர் அமெரிக்கரான எட் சாண்டர்ஸ். யோகான்சன் அடிக்க முயலாமல் விலகி விலகிச் சென்றார் என்று இரண்டாம் சுற்றில் அவரை நீக்கிவிட்டார்கள். வெள்ளிப் பதக்கமும் மறுக்கப்பட்டது. எதிரி களைத்த பின் தாக்கவே காத்திருந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. கோழை என்ற பழியோடு நாடு திரும்பினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1954இல், அதே சாண்டர்ஸ் பொஸ்ரன் நகரிலே ஒரு போட்டியில் அடிபட்டு விழுந்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 24.

1959 யூன் 26ஆம் நாள் நியூயோர்க்கில் யோகான்சன் உலகச் சம்பியன் புளோயிட் பற்றர்சனைச் சந்தித்தார். மூன்றாம் சுற்றில் பற்றர்சன் ஏழு முறை தரையில் விழுந்தார். நேற்றுக் கோழை எனப்பட்டவர் இன்று நாட்டின் வீரரானார். அடிக்காதபோது இகழ்ச்சி, ஒரு மனிதனை ஏழு தடவை வீழ்த்தியபோது புகழ்ச்சி! மக்களின் தீர்ப்பு எதை அளவுகோலாகக் கொண்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறு ஆண்டு யூனில் பற்றர்சன் ஐந்தாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். யோகான்சன் நினைவிழந்து கிடந்தார். அவரது இடது கால் துடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் ஆரவாரித்தது. வென்றவரோ தோற்றவரின் அருகில் முழந்தாளிட்டார். 1961இல் மூன்றாம் முறையும் மோதினர். மீண்டும் பற்றர்சனே வென்றார். யோகான்சன் 28 போட்டிகளில் இரண்டில் மட்டுமே தோற்றார், இரண்டும் பற்றர்சனிடமே. ஆயினும் பின்னாளில் இருவரும் உற்ற நண்பராயினர். 1980களில் ஸ்ரொக்ஹோம் மரதன் ஓட்டத்தில் ஒன்றாக ஓடினர். மறுக்கப்பட்ட வெள்ளிப் பதக்கமும் 1982இல் யோகான்சனிடம் வந்து சேர்ந்தது.

ஆகவே, பகையின்றி அடிக்க முடியும். ஆனால் பகையில்லை என்பதால் அடியின் வலு குறைவதில்லை. முதுமையில் இருவருமே நினைவாற்றலை இழந்தனர். பற்றர்சன் 2006இலும் யோகான்சன் 2009இலும் காலமாயினர். மறதிநோய் குத்துச்சண்டை அறியாதவர்க்கும் வருவதுதான். எனினும், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பதை 1928லேயே ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்தார். யோகான்சனைக் கொண்டாடிய சுவீடனே 1970இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தது. 2006இன் பின்னரே கட்டுப்பாடுகளுடன் அனுமதித்தது.

மற்ற விளையாட்டுகளிலும் காயம் உண்டு. அங்கே அது விபத்து. இங்கேயோ எதிரியை நினைவிழக்கச் செய்வதே முழு வெற்றி. எண்ணம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. செய்யும் செயல் எதை நோக்கியது என்பதையும் பார்க்க வேண்டும். அடிபடுபவனின் சம்மதமும் அதை மாற்றிவிடாது. உயிரும் அறிவும் விருப்பம்போல் விற்றுவிடக்கூடிய பொருள்கள் அல்ல.

இதற்காக அவ்விரு வீரர்களையும் குற்றவாளிகளாக்க வேண்டியதில்லை. அவர்கள் ஒருவரையொருவர் மதித்தார்கள். அடித்ததன் விலையையும் தம் உடலிலே சுமந்தார்கள். விலை எதுவும் கொடுக்காமல் ஆரவாரித்தவர்கள் பார்வையாளர்களே. விழுந்தவனைக் கண்டு முழந்தாளிட்டவன் அடித்தவன்; எழுந்து நின்று கைதட்டியவர்கள் நம்மைப் போன்றவர்கள். வீட்டிலே பிள்ளைகளோடு அமர்ந்து இத்தகைய போட்டியைப் பார்க்கும்போது, நம் கைகள் எந்தக் கணத்தில் தட்டுகின்றன என்பதைச் சற்றுக் கவனிப்போம். பிள்ளைகள் அதையே கற்றுக்கொள்கிறார்கள்.