சுகத்துக்கும் கணக்கு உண்டு

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சுகம் தேடி வருகிறவர்கள். உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தோளையும் முதுகையும் தட்டி உருவிவிடும் மசாஜ் தொழிலாளியின் கை, அருவிக்குத் தலையைக் கொடுத்து நிற்கும் அரை மணி நேரம், கரையோரக் கடையில் மசாலா தடவிப் பொரித்த மீன், பிறகு பரிசல். ஈரத்தலையோடு பஸ் ஏறும் மனிதருக்கு அந்த நேரத்தில் உலகத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் மார்க்கம் பேச வந்தால், நியாயமாக எழக்கூடிய கேள்வி இதுதான்: “எனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது. கடவுளை நான் நம்பவில்லை. அதனால் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. இஸ்லாமோ வேறு மதமோ எனக்குப் புதிதாக என்ன தந்துவிடும்?” இதை வம்புக்குக் கேட்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நேர்மையான பதிலுக்கு உரிய கேள்வி இது.

மேடைகளில் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இரண்டு. ஒன்று, நரகத்தைக் காட்டுவது. இல்லையென்று ஒருவர் முடிவு செய்துவிட்டதைக் காட்டி அவரைப் பயமுறுத்த முடியாது. மற்றொன்று, “நாளைக்கு ஒரு கஷ்டம் வரும், அப்போது இறைவனைத் தேடுவீர்கள்” என்பது. இது எனக்கு அறவே பிடிக்காத பதில். ஒருவர் வீட்டில் நோயோ சாவோ வரட்டும் என்று காத்திருப்பது மார்க்கம் ஆகாது. அவருடைய நல்ல நாளில், வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும் வேளையில் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? குர்ஆனின் 102-ஆவது அத்தியாயம் எட்டே வசனங்கள் கொண்டது. செல்வத்தைப் பெருக்கும் போட்டியில் தொடங்கி, அனுபவித்த அருட்கொடைகளைப் பற்றி மனிதன் விசாரிக்கப்படுவான் என்ற எச்சரிக்கையில் அது முடிகிறது. இதையொட்டி ஹதீஸில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பசி தாங்காமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர், உமர் (ரலி) இருவரும் வெளியே வருகிறார்கள். அன்சாரித் தோழர் ஒருவர் அவர்களை வரவேற்றுப் பேரீச்சங்குலையை முன்னால் வைக்கிறார், ஆட்டை அறுத்துச் சமைக்கிறார், குடிக்க நல்ல தண்ணீர் கொடுக்கிறார். உண்டு முடித்ததும் நாயகம் சொன்னது, இந்தச் சாப்பாட்டுக்கும் மறுமையில் கேள்வி உண்டு என்பது. அது திருடிய சோறு இல்லை; பசித்தவர்களுக்கு அன்போடு கொடுத்த சோறு. அதற்கே கணக்கு! பாவத்துக்குக் கேள்வி உண்டென்பது எல்லாரும் அறிந்தது. சுகத்துக்கும் கேள்வி உண்டு என்பதுதான் நிறைவோடு வாழ்பவரிடம் இஸ்லாம் கொண்டுவரும் செய்தி.

துன்பப்படுகிறவர் ‘எனக்கு ஏன் இப்படி’ என்று தினமும் கேட்கிறார். சுகமாக இருப்பவர் ‘எனக்கு ஏன் இவ்வளவு’ என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. அந்தக் கேள்வி வெளியிலிருந்துதான் வரவேண்டும். வந்தால் மட்டும் போதாது, ரூபாய்க் கணக்காகவும் மாற வேண்டும். ஜகாத் என்னும் கட்டாயக் கொடை செய்வது அதைத்தான். தேவையும் கடனும் போக, ஏறத்தாழ 11 பவுன் தங்கத்துக்கு ஈடான செல்வம் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் கையில் தங்கினால் அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை, கொடுத்தாக வேண்டும். விளைச்சலுக்குத் தனிக் கணக்கு உண்டு. மற்றபடி மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஜகாத் விசாரிப்பதில்லை. செலவழியாமல் தேங்கி நிற்பது எவ்வளவு என்று விசாரிக்கிறது. மனநிறைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தேக்கம் தரும் தைரியம்தானே? அந்த இடத்தில் ஜகாத் கை வைக்கிறது. அதிலும் கொடுப்பவர் தருமவான் என்று நெஞ்சு நிமிர்த்த வழியில்லை. கேட்டு வருபவருக்கும், கேட்கக் கூசி ஒதுங்கி நிற்பவருக்கும் அந்தச் செல்வத்தில் உரிமை உண்டு என்பதே குர்ஆனின் கணக்கு.

இந்த மாவட்டத்தில் தண்ணீரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. இங்கே காவிரி இரைந்து விழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்கள் ஆழ்துளைக் கிணற்றின் புளோரைடு கலந்த தண்ணீரைத்தான் குடித்தன. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டுவலி, வளைந்த முதுகு. ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் ஆற்று நீரை அவர்களிடம் கொண்டுபோனது. “குழாயும் வரிப்பணமும் செய்த வேலை இது, தொழுகை என்ன செய்தது?” என்று, தொடக்கத்தில் கேள்வி எழுப்பிய அந்த நண்பர் கேட்பார். கேட்கட்டும். அரசும் பொறியாளர்களும் செய்ததை மார்க்கத்தின் வரவில் எழுதிக்கொள்வது பொய். ஆனால் குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிற்கும் கையை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. மார்க்கம் பார்க்கிறது. தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவுக்கு நபிகள் நாயகம் எடுத்துக்கொண்டது ‘முத்து’ என்னும் ஓர் அளவு, அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை இரு கைகள், தலைக்கு ஈரக்கை, கடைசியில் கால், எல்லாம் அதற்குள். ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்றும் ஒரு நபிமொழி வருகிறது. ஆற்றங்கரையில் மிச்சம் பிடிப்பதால் ஆற்றுக்கு ஒரு லாபமும் இல்லை, பழக்கப்படுவது கை. நிறைய இருக்கிற இடத்தில் அளவு பழகாத கை, இல்லாதவர் பங்கை மதிக்கக் கற்றுக்கொள்வது கடினம்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. நம்பிக்கை இல்லாதவர்கள் நல்லவர்களாக வாழவில்லையா? வாழ்ந்திருக்கிறார்கள். இதே காவிரி கீழே போய்த் தொடும் ஈரோட்டில் 1879-இல் பிறந்த பெரியாரே சாட்சி. கடவுள் இல்லை என்று கடைசிவரை சொன்னவர், நபிகள் பிறந்தநாளான மீலாது மேடைகளில் பேசினார். தாழ்த்தப்பட்ட மக்கள் இழிவு நீங்க இஸ்லாம் ஒரு வழி என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர் மதித்தது சொர்க்கத்தையல்ல, முதலாளியும் கூலிக்காரரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசையை. ஒரு மார்க்கம் என்ன விளைவிக்கிறது என்பதை அதை நம்பாதவரும் எடைபோட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யாரும் கேள்வி கேட்காமலே தன் வாழ்நாளைக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் மார்க்கம் அப்படிப்பட்ட பெரியவர்களை நம்பிக் கட்டப்பட்டதல்ல. அலுத்துப்போய், இன்றைக்கு மனசு வரவில்லை என்று உட்காரும் சாதாரண மனிதரிடமிருந்து நன்மையை வாங்கக் கட்டப்பட்டது. ரமலானில் நம் பள்ளிவாசல் அடுப்பைப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்து அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கிறது. தூக்குவாளியோடு வரும் பிள்ளையிடம் யாரும் மதம் கேட்பதில்லை. மாதம் முழுவதும், மனசு வந்த நாளிலும் வராத நாளிலும், அந்த அடுப்பு எரிகிறது.

“எல்லாம் சொர்க்க ஆசைக்குத்தானே?” என்றால், பஸ்ராவின் சூஃபி ஞானி ராபியா அம்மையார் பற்றிய கதையைச் சொல்வேன். நரகத்தை அணைக்கத் தண்ணீரும் சொர்க்கத்தைக் கொளுத்த நெருப்பும் ஏந்திப் புறப்பட்டார் என்பார்கள். ஆசையும் பயமும் இல்லாத வணக்கத்தை எங்கள் மரபே உயரத்தில் வைத்திருக்கிறது. “முஸ்லிம்கள் எல்லாரும் ஜகாத்தைச் சரியாகக் கொடுக்கிறார்களா?” என்றால், இல்லை. லாக்கரில் உறங்கும் தங்கம் நம் வீடுகளிலும் உண்டு. கேள்வியை அறிந்தும் பதில் சொல்லாத நம் குற்றம், அறியாதவர் குற்றத்தைவிடப் பெரியது.

நம்பாமலே இதையெல்லாம் செய்யலாமா? தாராளமாகச் செய்யலாம். ஒன்று மட்டும் யோசிக்க வேண்டும். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதியை, செலவு மிகுந்த வருஷத்தில் நானே தள்ளுபடி செய்துவிட முடியும். என்னை யார் கேட்பது? ஆகவே நம்பிக்கை இல்லாத நண்பரிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். காலண்டரில் ஒரு தேதியைக் குறியுங்கள். கையில் தங்கி நிற்பதை எழுதுங்கள், நாற்பதால் வகுங்கள், உங்கள் தெருவில் வாய்விட்டுக் கேட்காதவர் யார் என்று தேடிப்போய்க் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதி வரும்போது, இதைப் பற்றி என்னிடம் கேட்க ஒருவன் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அவனைப் பற்றி அங்கிருந்து நாம் பேசத் தொடங்கலாம்.