முட்டுக்கோலை எப்போது எடுப்பது?

சாலாக் செலாத்தானில் வாசலில் ஒரு சாண் மண் இருந்தால் போதும், அங்கே ஒரு மாங்கன்று நிற்கும். நர்சரியில் வாங்கிய ஒட்டுக்கன்றுக்கு உரத்தை அள்ளிப் போட்டால் கிடுகிடுவென்று உயரும். ஆனால் தண்டு பென்சில் மாதிரிதான் இருக்கும். அதற்குள் பூவும் விட்டுவிடும். ஒரு சாயங்கால மழைக்காற்று அடித்தால் தலை தரையைத் தொடும். உடனே ஒரு குச்சியை நட்டு, ராஃபியா கயிற்றால் அசையாமல் இறுக்கிக் கட்டிவிடுவோம்.

நல்ல காரியம்தானே? முழுக்க இல்லை. தண்டு பருப்பதற்கு ஆட்டமும் வேண்டும். காற்றில் ஆடி ஆடித்தான் மரம் அடிப்பக்கத்தில் சதை போடும், வேரை ஊன்றும். அமெரிக்காவின் அரிசோனாவில் ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 1991இல் எட்டுப் பேர் இரண்டு வருடம் அடைபட்டு வாழ்ந்தார்கள். உள்ளே மரங்களும் வளர்ந்தன. காற்றே படாததால் அவற்றின் தண்டில் வலு ஏறவில்லை.

அதற்காகக் கட்டாமல் விட்டால் கன்று முறிந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பழைய துணியால் 8 போலத் தளர்வாகக் கட்டுவார்கள், முடிந்த அளவு தாழ்வாக. முதல் பூக்களைக் கிள்ளிவிடுவார்கள். ஒரு வருடம் போனதும் கோலை எடுத்துவிடுவார்கள். எடுக்க மறந்தால் அதே கயிறு பட்டையை அறுக்கும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் வீட்டில் கேட்காத பிள்ளை உண்டா? பெரியவர்களுக்கு வசதியான பழமொழி அது. கட்டியவர் எப்போது அவிழ்க்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லாது.

எங்கள் சனிக்கிழமை டியூஷன் வகுப்பில் ஒரு தம்பி இருக்கிறான். படிவம் ஐந்து. அப்பா இல்லை. ராத்திரி சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து வீட்டு வாடகைக்குக் கொடுக்கிறான். பஸ் காசும் பயிற்சிப் புத்தகமும் நாங்கள் தருகிறோம். போன கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார்: “எவ்ளோ நாளைக்குப்பா குடுத்துக்கிட்டே இருக்கிறது? அப்புறம் அவன் சொந்தக் கால்ல நிக்கவே மாட்டான்.”

அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா மரமும் மாமரம் இல்லை. வாழையைப் பாருங்கள். அதற்குக் கட்டையே கிடையாது. இலை மடல்கள் ஒன்றை ஒன்று சுற்றி நிற்பதைத்தான் தண்டு என்கிறோம். குலை தள்ளிவிட்டால், ‘காற்றில் ஆடி வலுவாகட்டும்’ என்று சும்மா நிற்க முடியுமா? குலை வெட்டும்வரை மூங்கிலால் முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். அந்தத் தம்பி சோம்பலால் சாயவில்லை. வயசுக்கு மீறிய குலையைச் சுமக்கிறான். அவனைப் பார்த்து ‘சொந்தக் கால்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னேன், சிலருக்குப் பிடிக்கவில்லை. நம் இளைஞர்கள் மேடையில் பேசும் உரையை இன்னும் மூத்தவர்கள்தான் எழுதிக் கொடுக்கிறோம். கணக்கு வழக்கும் நம் கையில்தான். இருபத்தி மூன்று வயசுக்காரனுக்கு எதற்கு ராஃபியா கயிறு?

கடைசியில் முடிவானது இதுதான்: தம்பிக்கு எஸ்.பி.எம். முடியும்வரை காசு தொடரும். அதற்கப்புறம் யூ.பி.யூ. விண்ணப்பத்தை அவனே உட்கார்ந்து நிரப்பட்டும். தப்பு வந்தால் காட்டலாம், அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி நாமே தட்டக்கூடாது. இந்த வருட ஆண்டுவிழா உரையை யார் எழுதுவது என்று மட்டும் இன்னும் பேசி முடியவில்லை.