கேட்டு வாங்கிய வலி

ஆனி மாதம், சாரல் காலம். இலஞ்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் குற்றால மலை பாதி மேகத்துக்குள் இருக்கிறது. ஊரே அருவிக்குப் போகிறது. நான் நெஞ்சை இறுக்கும் பனியனோடு மூன்று தலையணையில் சாய்ந்து கிடக்கிறேன். ஆண்களுக்கு மார்பு பெண்களைப் போல வளர்வதை மருத்துவத்தில் கைனகோமாஸ்டியா என்பார்கள். பதினைந்து வயதிலிருந்து என்னை அருவியில் சட்டையைக் கழற்றவிடாமல் வைத்திருந்தது அது. முப்பத்து நான்கு வயதில் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டேன்.

"யாரும் கேட்டா குடலிறக்கம்னு சொல்லிருய்யா" என்றாள் அம்மா.

குடலிறக்கம் என்றால் ஊர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வரும். அழகுக்காகக் கத்தி வைத்துக்கொண்டவனை யார் பார்க்க வருவார்கள்? தானே தேடிப்போய் வாங்கிய வலிக்குப் பரிவை எதிர்பார்க்க ஒருவனுக்கு உரிமை உண்டா?

காப்பீட்டு நிறுவனங்கள் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றால் சிதைந்ததைச் சீரமைத்தால் பணம் தருவார்கள்; தோற்றத்துக்காக மட்டும் என்றால் தரமாட்டார்கள். பணத்துக்கு அப்படி ஒரு கோடு வேண்டியதுதான். பரிவுக்குமா? தையல் போட்ட சதைக்குக் காரணம் தெரியாது, வலிக்க மட்டும்தான் தெரியும்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சையை இலவசமாகத் தொடங்கினார்கள். ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அப்போதைய சுகாதாரத்துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர். அரசுப் பணம் உயிர்காக்கும் சிகிச்சைக்கல்லவா போக வேண்டும் என்று எதிர்ப்பும் வந்தது. நானும் அன்று எதிர்த்தவன்தான். அலுவலக கேண்டீனில் அந்தச் செய்தியைச் சொல்லிச் சிரித்தேன், லூசான சட்டைக்குள் என் குறையை மறைத்துக்கொண்டு.

இப்போது படுத்துக்கிடந்து யோசிக்கும்போது, அந்தச் சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது. எனக்கு அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம். கனம் தூக்காமல், கையை ஓங்காமல் இருக்க வேண்டியதோ பல வாரம். எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது, அதற்குப் பின் வீட்டிலிருந்தே வேலை, கஞ்சி வைத்துத் தர அம்மா. கத்தியை அரசு இலவசமாகத் தந்துவிடலாம். இந்தத் தலையணைகளை யார் தருவார்கள்?

பக்கத்து வீட்டு அக்கா பீடி சுற்றுகிறவர். நேற்றுச் சாயங்காலம் பார்க்க வந்தார். அம்மா அடுக்களையில் இருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவே இல்லை.

"அதுக்கென்ன தம்பி, அறுத்தா வலிக்கத்தான செய்யும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துத் தன் கதையைச் சொன்னார். "எனக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பத்தாம் நாளு தட்ட மடியில வச்சுட்டேன். சுத்துனாத்தான கூலி."

அவருடையது யாரும் குறை சொல்ல முடியாத காரணம். ஆனாலும் ஓய்வு கிடைக்கவில்லை. என் காரணத்தைப் பற்றி எவ்வளவோ வாதாடலாம். ஆனாலும் கிடைத்தது. இத்தனை நாள் நான் பரிவுக்குத் தகுதி உண்டா என்று காரணத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வைத் தீர்மானித்ததோ சம்பளம். பரிவைப் பொறுத்தவரை, பத்தாம் நாளே வேலைக்கு உட்கார்ந்தவர் எந்தக் கணக்கும் பார்க்காமல் தந்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் அம்மா வந்து, "என்ன சொன்ன?" என்றாள்.

"உண்மையச் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"வலிக்கும்னு சொன்னாங்க."

அம்மா ஒன்றும் பேசாமல் சரிந்திருந்த தலையணையைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள்.