ஊர் கூடியது; யார் கூடினர்?

ஊர் கூடித் தேர் இழுக்கும் காட்சி திருவண்ணாமலைக்குப் புதிதன்று. ஊர் கூடி ஏரி காத்ததும் பழங்கதையே. குடிமராமத்து என்று பெயர் சொல்லிப் பெருமை பேசுகிறோம். புயலும் பெருமழையும் கோடைக் கொடுமையும் மிகுந்துவரும் இந்நாளில், மக்களே முன்னின்று தம் ஊரைக் காத்திடல் வேண்டும் என்று உலகெங்கும் உரைக்கின்றனர். நன்று! ஆனால், எந்த மக்கள்? ஊர் என்பது சேரியும் சேர்ந்ததா, சேரி நீங்கலாகவா?

மடை திறந்தவன், மழையிரவில் கரை காத்தவன், வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவன் நீர்க்கட்டி. தமிழகத்து ஏரிகளில் பெரும்பாலும் அவன் சேரிக்காரன். உழ ஒரு காணி இல்லாதவன். ஏரியின் நாடியை அறிந்தவன் அவன்; ஏரியைப் பற்றி முடிவு செய்தவனோ நிலக்காரன். உழைக்க அழைத்தது ஊர், உரைக்க அழைத்ததா? அந்த உழைப்பேனும் விருப்பத்தால் விளைந்ததா? உடைப்பெடுத்த கரைக்கு ஆள் திரட்ட 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே வந்தது! 2017இல் குடிமராமத்து புத்துயிர் பெற்றபோது, வேலை ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயக்கட்டில் அடி நிலமும் இல்லாதவன் அங்கே யார்?

"பயிர் எமது, ஆகவே பொறுப்பும் எமது" என்பர் நிலமுடையார். பயிர் போனால் மறுபோகம் உண்டு, ஐயா! பள்ளத்துக் குடிசைக்கு மறுபோகம் ஏது? கடல் சூழ்ந்தால்தான் தீவா? வெள்ளம் சூழ்ந்த சேரியும் தீவுதான்.

மேட்டிலும் அதே கதை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் எழுவர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். விதி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நகரத்து மனைவிலை எட்டாதவர்கள் மலையடியில் ஒண்டுவதை எந்த விதி எழுதியது?

வேறுவிதமாகவும் நடந்ததுண்டு. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் வறண்டு கிடந்த நாகநதியை மீட்கத் தடுப்பணை கட்டி, நீர்செறிவுக் கிணறு வெட்டியோர் சிற்றூர்ப் பெண்கள். 2005ஆம் ஆண்டின் வேலையுறுதிச் சட்டப்படி கூலி பெற்றுச் செய்தனர். கூலி வாங்கினால் தொண்டாகுமா என்று கேட்போரும் உளர். கூலியின்றிக் குனிந்த முதுகுகளைக் கண்டு பழகிய கண்கள் அவை, விட்டுவிடுவோம்.

நாம் கேட்பது வேறு. மண்ணுக்குள் இறங்கிய நீர் யார் கிணற்றில் ஊறும்? கிணறு உள்ளவன் கிணற்றில்! ஆகவே, மண் சுமந்த பெண்களில் நிலமற்றவளுக்கு, அந்த நீரைப் பங்கிடும் கூட்டத்தில் இடம் வேண்டும். ஓரத்தில் நிற்க அன்று, தீர்மானத்தில் கையெழுத்திட.